தாகூர் இல்லத்துப் பிள்ளைகள் கற்ற விதம்

கல்கத்தா நகரிலே ஜொராசாங்கோ என்னும் பகுதியில் ஒரு பெரிய மாளிகை. காலம் 1860களின் பிற்பகுதி. அம்மாளிகையின் விறாந்தையொன்றில் ஒரு சிறுவன் கையிற் பிரம்புடன் நிற்கின்றான். அவன் முன்னே வரிசையாக நிற்பவை விறாந்தையின் மரக் கம்பிகள். அவைதாம் அவனுடைய மாணாக்கர். எந்தக் கம்பி நற்குணமுடையது, எந்தக் கம்பி குறும்புக்காரன், எது மந்தபுத்தியுடையது என்பதெல்லாம் அவனுக்கு நன்கு தெரியும். கெட்ட கம்பிகள் நாள்தோறும் அடிபட்டு அடிபட்டு உருக்குலைந்து போயின. ஆயினும் அச்சிறு உபாத்தியாயரின் கோபம் தணிந்தபாடில்லை.

அச்சிறுவன் பாடசாலைக்குச் சென்று சில காலந்தான் ஆகியிருந்தது. பாடங்களுள் எவை அவன் மனத்திற் பதிந்தனவோ, அறியோம். உபாத்தியாயரின் கோபமும் பொறுமையின்மையும் மாத்திரம் ஒரு குறையுமின்றிப் பதிந்துவிட்டன. பிற்காலத்தில், தம் இளமை நினைவுகளை எழுதியபொழுது, இதனைத் தாமே நகைத்துக் கூறினார் அவர். அவர்தாம் 1913ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவியரசர் இரவீந்திரநாத தாகூர்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. தமையன் ஒருவரும் மருமகன் ஒருவனும் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கியபோது, வயது போதாதென்று இரவீந்திரரை வீட்டில் நிறுத்தினார்கள். வண்டியேறிப் போய்வந்த அவ்விருவரும் மாலையில் வந்து சொன்ன கதைகளைக் கேட்டுத் தாமும் போகவேண்டும் என்று அவர் அழுதார். வீட்டு ஆசிரியர் ஓர் அறை கொடுத்து, இன்று போவதற்கு அழுகின்றாய், ஒருநாள் போகாமல் இருப்பதற்கு இதைவிட அழுவாய் என்று எச்சரித்தாராம். அதைப் போலப் பலித்த தீர்க்கதரிசனத்தைத் தம் வாழ்நாளிலே வேறெங்கும் கேட்டதில்லை என்பது கவிஞரின் வாக்குமூலம். போன பாடசாலையில், பாடம் ஒப்பிக்காத பிள்ளையை வாங்கின்மேல் ஏற்றி, கைகளை நீட்டச்செய்து, உள்ளங்கைகளின்மீது சிலேட்டுகளை அடுக்கி வைப்பார்களாம்.

ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பாடசாலைகளுக்கு அவரை அனுப்பிப் பார்த்தார்கள். பதினான்கு வயதளவில் அவர் எல்லாவற்றையும் விட்டு நின்றார். வீட்டார் நம்பிக்கையிழந்தனர். இரவி பெரியவனாக வருவான் என்று எண்ணியிருந்தோம், அவனே எல்லாரிலும் மேலாக ஏமாற்றிவிட்டான் என்று மூத்த தமக்கையார் வருந்தினார். அவ்வாறாயின், அப்பிள்ளை எங்கே கற்றது? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விடயம்.

நேயர்களே, பாடசாலையின்றிப் பிள்ளைகள் கற்பது என்பது இன்று ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்க நாட்டில் ஜோன் ஹோல்ட் என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் ஏன் தோல்வியடைகின்றனர் என்பதை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பாடசாலைகளைத் திருத்தலாம் என்று பல்லாண்டு முயன்று, அம்முயற்சியில் நம்பிக்கையிழந்து, 1977ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரிலிருந்து, பாடசாலையில்லாமல் வளரும் பிள்ளைகளுக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அவர் 1985இல் மறைந்தபின்னரும் 2001 வரை அது வெளிவந்தது. அன்ஸ்கூலிங் என்ற சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவரும் அவரே. தமிழிலே அதனைப் பள்ளிசாராக் கல்வி என்று கூறலாம்.

இம்முறையை மேற்கொண்ட குடும்பங்களில் மணியடிப்பதில்லை, நேரசூசி இல்லை, பாடத்திட்டமும் இல்லை. பல பிள்ளைகள் உள்ள வீடாயின் மூத்தது இளையதற்குக் கதை வாசிக்கும். நடுப்பிள்ளை மாவை அளந்து பின்னத்தைக் கற்கும். இன்னொன்று பழுதடைந்த வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு வழியைத் தேடும். பிள்ளை கேட்கும் கேள்வியே அன்றைய பாடம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வியைச் சட்டம் அனுமதிக்கின்றது. ஜெர்மனியிலோ பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். நம் இலங்கையிலும் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது.

இம்முறை நன்றா, தீதா? வெறும் வாதத்தால் இதனைத் தீர்த்தல் இயலாது. ஒரு குடும்பத்தை எடுத்து, அங்கே நாள்தோறும் என்ன நிகழ்ந்தது, எவரால் நிகழ்ந்தது, அதற்கு யார் விலை கொடுத்தனர் என்று நோக்குதல் வேண்டும். அதற்கு ஜொராசாங்கோத் தாகூர் குடும்பத்தினும் பொருத்தமான குடும்பம் கிடைப்பது அரிது. அன்ஸ்கூலிங் என்ற சொல் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னரே அங்கு அவ்விடயம் நடந்தது. அவ்வீட்டார் பலர் எழுத்தாளராதலால், நடந்தவை நினைவு நூல்களாக நமக்குக் கிடைத்துமுள்ளன.

தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதர் பிரம சமாசத்தின் தலைவர்களுள் ஒருவர். தாயார் சாரதா தேவியார். பன்னிரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள். மருமக்கள், பேரப்பிள்ளைகள், சிற்றப்பன் வழியினர், ஏவலாளர் என்று வீடு ஓர் ஊர் போல இருந்தது. மூத்தவர் துவிஜேந்திரநாதர் கவிஞரும் தத்துவ அறிஞரும் ஆவார். இரண்டாமவர் சத்தியேந்திரநாதர் இந்திய சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இந்தியர். மூன்றாமவர் ஹேமேந்திரநாதர்; இளையோரின் படிப்பு அவர் பொறுப்பில் இருந்தது. ஜோதிரிந்திரநாதர் நாடகாசிரியர், இசைவாணர். சுவர்ணகுமாரி தேவியார் வங்காளத்தின் முதற்பெண் நாவலாசிரியர்களுள் ஒருவர்.

இவ்வீட்டில் இரவீந்திரரின் ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, கச்சையணிந்து, பார்வை குன்றிய மல்லர் ஒருவருடன் மற்போர்ப் பயிற்சி. உடலில் ஒட்டிய மண்ணுடனேயே சட்டையை மாட்டிக்கொண்டு இலக்கியம், கணிதம், பூகோளம், சரித்திரம். பின் பாடசாலை. திரும்பி வந்தால் சித்திர ஆசிரியரும் தேகப்பயிற்சி ஆசிரியரும் காத்திருப்பார்கள். மாலையில், விளக்கின் மங்கிய ஒளியில், அகோர பாபு என்பவரிடம் ஆங்கிலம். இரவு ஒன்பது மணிக்குமேல்தான் விடுதலை.

அகோர பாபு மருத்துவ மாணவர். நோய் என்பதையே அறியாதவர். ஒருநாள் மாலை பெருமழை பெய்து தெருவெல்லாம் வெள்ளமாயிற்று. இன்று ஆசிரியர் வரமாட்டார் என்ற மகிழ்ச்சியுடன் பிள்ளை தெருவையே நோக்கிக்கொண்டிருக்கின்றது. அந்தோ, தெரு மூலையிலே அந்தக் கறுப்புக் குடை தோன்றுகின்றது! உலகத்தில் வேறு எந்த ஆசிரியரும் அந்த மழையில் வந்திருக்கமாட்டார் என்று எழுதுகின்றார் கவிஞர்.

இதைக் கேட்கும் நேயர், இது பாடசாலையினும் கொடிதாக அன்றோ இருக்கின்றது என்று கேட்பர். உண்மைதான். பாடசாலையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதால் மாத்திரம் பிள்ளை கற்றுவிடாது. இத்தனை ஆசிரியர்களிடமும் கற்றவற்றுள் அவர் நெஞ்சில் நின்றது எது தெரியுமா? சீதாநாத தத்தர் என்பவர் ஞாயிறு காலைகளில் வந்து விஞ்ஞானச் செய்கைகளைக் காட்டுவார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை ஊற்றி, மரத்தூளைத் தூவி, தீயின்மேல் வைத்தார். சூடேறிய நீர் மேலே எழுவதையும், குளிர்ந்த நீர் கீழே இறங்குவதையும் மரத்தூள் சுழன்று காட்டியது. பிள்ளை வியந்தது. சீதாநாதர் வராத ஞாயிறு தமக்கு ஞாயிறாகவே தோன்றவில்லை என்கின்றார். பொருள் விளங்காது உருப்போட்ட வடமொழி இலக்கணத்தைப் பற்றி அவ்வாறு அவர் எங்கும் கூறவில்லை. கட்டாயமாக வந்த ஆசிரியர் பலர். காத்திருக்கச் செய்தவர் ஒருவர். வீட்டில் கற்பித்தல் வேறு, வீட்டில் கற்றல் வேறு என்பதற்கு இதுவே சான்று.

ஹேமேந்திரநாதர் செய்த நன்மை ஒன்றையும் ஈண்டு மறத்தலாகாது. எங்கும் ஆங்கிலம், ஆங்கிலம் என்ற கூக்குரல் எழுந்த காலத்தில், தம்பியர் முதலில் தாய்மொழியிலே கற்கவேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். அவ்வுறுதிக்காகக் கவிஞர் முதுமையிலும் அவரை நன்றியோடு நினைந்து வணங்கினார்.

இனி, நேரசூசிக்கு வெளியே நடந்த கல்வியைக் காண்போம். துவிஜேந்திரநாதர் தென்புற விறாந்தையில் அமர்ந்து தமது நெடுங்கவிதையை எழுதுவார். எழுதியதை உரத்து வாசித்துச் சிரிப்பார். வேண்டாத தாள்களைக் கழித்துவிடுவார். அத்தாள்கள் வீடெங்கும் பறந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆயினும் கதவோரத்தில் நின்று கேட்பார்கள். முழுவதும் விளங்கியதா? இல்லை. ஆயினும் கவிதை என்பது உயிருள்ள ஒரு மனிதர், வியர்வையோடும் சிரிப்போடும் செய்யும் வேலை என்பதை அவர்கள் கண்டார்கள்.

ஜோதிரிந்திரநாதர் பியானோவின்முன் அமர்ந்து புதிய மெட்டுகளைப் படைப்பார். தம்மினும் பன்னிரண்டு வயது இளைய தம்பியை அருகில் இருத்தி, அம்மெட்டுகளுக்குச் சொல் அமைக்கச் சொல்வார். தம்பி எழுதியது நன்றாயின் ஏற்றுக்கொள்வார். சிறுவன் என்று ஒதுக்கவில்லை; சிறுவன் என்று பொய்யாகப் புகழவும் இல்லை. குதிரை ஏற்றினார்; வேட்டைக்கு அழைத்துச் சென்றார். மற்றவர்கள் அஞ்சிய சுதந்திரத்தை இவர் ஒருவரே அஞ்சாது கொடுத்தார். அவருடைய மனைவியார் காதம்பரி தேவியார் மொட்டைமாடியில் பூஞ்சட்டிகளை வைத்து ஒரு தோட்டம் அமைத்திருந்தார். மாலைதோறும் அங்கே வாசிப்பு, பாட்டு, விவாதம். 1881ஆம் ஆண்டில் வால்மீகி பிரதிபா என்ற இசை நாடகம் அவ்வீட்டிலேயே அரங்கேறியபோது இரவீந்திரர் வால்மீகியாகவும், ஹேமேந்திரநாதரின் மகள் பிரதிபா கலைமகளாகவும் நடித்தனர். பெரியோர், சிறியோர் என்ற பிரிவின்றி ஒரே வேலையில் எல்லோரும் ஈடுபட்டனர்.

தோல்வியையும் அவ்வீட்டுப் பிள்ளைகள் மறைவின்றிக் கண்டார்கள். ஜோதிரிந்திரநாதர் உள்நாட்டு நீராவிக் கப்பற் போக்குவரத்தைத் தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனியொன்றின் போட்டியைத் தாங்காது பெருங்கடனாளியானார். ஒரு பெரியவர் துணிந்து முயன்று தோற்பதையும், தோற்றபின் மீண்டும் எழுந்து வேறொரு வேலை செய்வதையும் எந்தப் பாடப்புத்தகம் கற்பிக்கும்?

தந்தையார் கற்பித்த முறையோ இன்னும் நுண்ணியது. 1873ஆம் ஆண்டில், பூணூற் சடங்கு முடிந்ததும், மொட்டையடித்த தலையோடு எவ்வாறு பாடசாலைக்குப் போவது என்று பிள்ளை கலங்கி நின்றது. தேவேந்திரநாதர் அழைத்து, என்னோடு இமயமலைக்கு வருகின்றாயா என்று கேட்டார். பதினொரு வயதுப் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு அளவு உண்டோ? வழியில் போல்பூர் என்னும் ஊரில், சாந்திநிகேதனம் என்று பெயரிட்ட இல்லத்திற் சில நாள் தங்கினார்கள். மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களிலே பிள்ளை தனியே அலைந்து, கூழாங்கற்களை மடி நிறையப் பொறுக்கிவந்து தந்தைக்குக் காட்டும். இக்குப்பை எதற்கு என்று அவர் கூறவில்லை. மிக அழகாக இருக்கின்றனவே, எங்கே கண்டாய் என்று வினவி, அருகிலிருந்த மண்மேட்டை அக்கற்களால் அலங்கரிக்கும்படி சொன்னார். பள்ளமொன்றில் தெளிந்த நீர் ஊறி ஓடுவதைப் பிள்ளை கண்டு கூறியபோது, குடிக்கவும் குளிக்கவும் அந்த நீரையே கொண்டுவருமாறு ஏவலாளருக்குக் கட்டளையிட்டார். கண்டுபிடித்தவனுக்கு அதனினும் பெரிய பரிசு வேறில்லை.

சில்லறைப் பணத்தைக் கொடுத்துக் கணக்கு வைக்கச் சொன்னார். கணக்கு ஒருநாளும் சரிவரவில்லை. ஒருநாள், இருக்கவேண்டியதற்கு மேலாகவே பணம் மிஞ்சியது! உன் கையில் பணம் வளர்கின்றதே, உன்னையே என் காசாளனாக வைக்கவேண்டும் என்று சிரித்தார் தந்தை. விலையுயர்ந்த தம் பொற்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். பிள்ளை அளவிறந்த ஊக்கத்தோடு சாவி கொடுத்ததில், கடிகாரம் திருத்துவதற்காகக் கல்கத்தாவுக்குப் போயிற்று. தந்தையார் கடிந்ததாகக் கவிஞர் எழுதவில்லை. டல்ஹௌசி மலையில், இரும்பு முனை பொருத்திய கோலை ஊன்றிப் பிள்ளை தனியே மலைக்கு மலை அலைந்தபோதும் அவர் தடுக்கவில்லை. விடியற்காலையில் வடமொழிப் பாடம். இரவில், தெளிந்த வானத்தின் கீழ் அமர்ந்து விண்மீன்களையும் கிரகங்களையும் காட்டுதல். பிள்ளை தவறுவான் என்பது அவருக்குத் தெரியும். தவறியும் கற்பான் என்பதும் தெரியும்.

இனிப் பெண்களின் கல்வி. அக்காலத்து உயர்குடிப் பெண்கள் அந்தப்புரத்தைவிட்டு வெளியே செல்வதில்லை. தாகூர் இல்லத்து அந்தப்புரத்திலோ வைணவப் பெண்ணொருத்தி வந்து எழுத்துக் கற்பித்தாள். பின்னர் அயோத்தியநாத பாக்ராசி என்ற ஆசிரியரைத் தேவேந்திரநாதர் அந்தப்புரத்துக்கே அழைத்தார். உறவினரல்லாத ஆடவர் ஒருவர் உள்ளே வந்து கற்பிப்பது அந்நாளில் பெரும் புதுமை. சுவர்ணகுமாரி தேவியார் இவ்வாறே கற்று, 1876ஆம் ஆண்டில் தம் முதல் நாவலை வெளியிட்டார். விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். பாரதி என்ற சஞ்சிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். சத்தியேந்திரநாதரின் மனைவியார் ஞானதானந்தினி தேவியார் எட்டு வயதளவில் மணப்பெண்ணாக அவ்வீட்டுக்கு வந்தவர். முக்காட்டோடு அமர்ந்து மைத்துனர் ஹேமேந்திரநாதரிடம் பாடங் கேட்டார். அச்சிறு பெண்தான், வளர்ந்தபின், 1885இல், வீட்டுப் பிள்ளைகளும் எழுதவேண்டும் என்ற நோக்கத்துடன் பாலகன் என்று பொருள்படும் ஒரு சஞ்சிகையை வெளியிட்டார்.

இத்துணைச் சிறப்பையும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாவிடின் அது நேர்மையாகாது. அவ்வீட்டுச் சிறுவர் தாயின் அருகில் வளர்ந்தவரல்லர். ஏவலாளரின் ஆட்சியில் வளர்ந்தவர். சியாம் என்ற ஏவலாளன் சிறுவனை ஓரிடத்தில் இருத்தி, சுற்றிலும் வெண்கட்டியால் ஒரு வட்டம் கீறிவிட்டுப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த கதியைப் பிள்ளை அறியுமாதலால் அசையாது அமர்ந்திருக்கும். சாளரத்தின் வழியே கீழேயுள்ள குளத்தையும் ஆலமரத்தையும் நாள்முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையிலிருந்து கவிதை பிறந்தது என்று நாம் மகிழலாம். ஆனால் வெண்கட்டி வட்டத்துள் அமர்த்தப்படும் பிள்ளைகள் எல்லாம் கவிஞராவதில்லை.

அவ்வீட்டார்க்கு இருந்த ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு. தாகூர் குடும்பம் ஜமீன்தார் குடும்பம். ஒரு தமையன் பியானோ வாசிக்கவும், ஒரு தமையன் கவிதை எழுதிக் கழிக்கவும் வேண்டிய பொருள், வயலில் உழைத்த குடியானவரின் குத்தகையிலிருந்து வந்தது. அக்குடியானவரின் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை. பிற்காலத்தில் இரவீந்திரரே இதனை உணர்ந்து, 1922இல் ஸ்ரீநிகேதனம் என்ற கிராம நிலையத்தை நிறுவினார்.

தந்தையானபின் அவர் தம் பிள்ளைகளை முதலிற் பாடசாலைக்கு அனுப்பவில்லை. 1898 முதல், இன்று வங்காளதேசத்திலுள்ள சிலைதா என்னும் ஊரில், பத்மா நதிக்கரையிலே குடும்பத்தோடு வாழ்ந்து, வீட்டிலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்பிக்க வந்த லோரன்ஸ் என்ற ஆங்கிலேயர் பட்டுப்புழு வளர்ப்பிற் பித்துக்கொண்டவர். வீடு பட்டுப்புழுக்களால் நிறைந்தது. விஞ்ஞானி ஜகதீச சந்திர போசர் விருந்தினராக வந்து, சிறுவன் ரதீந்திரநாதனோடு ஆற்று மணற்றிட்டுகளில் ஆமை முட்டை தேடினார். மகன் நீந்தவும் படகு செலுத்தவும் கற்றான்.

ஆனால் மகளிரோ? 1901ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மூத்த மகள் மாதுரிலதாவுக்குப் பதினான்கு வயதில் மணமுடித்துவைத்தார். இரண்டு மாதங்கழித்து, ஆகஸ்து மாதத்தில், பத்து வயதேயான ரேணுகாவுக்கும் மணம் முடித்தார். ரேணுகா 1903ஆம் ஆண்டில் நோயுற்று இறந்தாள். விறாந்தைக் கம்பிகளை நினைந்து வருந்தத் தெரிந்த ஒருவர், பிள்ளையின் மனத்தை அவ்வளவு நுட்பமாக எழுதிய ஒருவர், தம் மகளிர் விடயத்தில் ஊர்வழக்கை மீறத் துணியவில்லை. வீட்டின் சுவருக்குள் நடக்கும் கல்விக்கு இதுவே பெரிய ஆபத்து. தந்தை சிறந்தவராயின் பிள்ளைக்கு நன்மை. தந்தை தவறுமிடத்தில் தடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. பாடசாலையிலே ஒரு சிறுமியின் இடம் வெறுமையாகக் கிடந்தால், அவள் எங்கே என்று கேட்க ஓர் ஆசிரியரேனும் இருப்பார்.

அதே 1901ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 22ஆந் திகதி, பாடசாலையைவிட்டு ஓடிய அந்த மனிதர் தாமே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். மாணாக்கர் ஐவர், அவர்களுள் ஒருவன் ரதீந்திரநாதன். வகுப்பறைக்குச் சுவர் இல்லை, மரநிழலே கூரை. செலவுக்குப் பணம் போதாதபோது மனைவியார் மிருணாளினி தேவியார் தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் காலமானார். அப்பாடசாலை அமைந்த இடம் எது? பதினொரு வயதில் அவர் கூழாங்கல் பொறுக்கிய அதே போல்பூர்ச் செம்மண் நிலம். 1921இல் அது விசுவபாரதியாக விரிந்தது. 2023ஆம் ஆண்டில் சாந்திநிகேதனம் உலக மரபுரிமைத் தலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

அவர் ஏன் பாடசாலை தொடங்கினார்? மொட்டைமாடியும், பியானோ வாசிக்கும் தமையனும், இமயத்துக்கு அழைத்துச் செல்லும் தந்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. தமக்கு வீட்டில் கிடைத்த நல்லனவற்றைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமாயின் ஒரு பொது இடம் வேண்டும். பாடசாலையை வெறுத்தவர் பாடசாலையைத் திருத்த முனைந்தமைக்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

நம் நாட்டுக்கும் அந்த ஒளி வந்தது. 1934ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, ஹொறணையில், வில்மட் பெரேரா அவர்களின் அழைப்பை ஏற்றுவந்த கவியரசர், ஸ்ரீ பாலி என்ற கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த அந்நிலையத்தின் பெயரால் இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமொன்றும் அங்கே இயங்குகின்றது. பதினொரு ஆண்டுகளின் பின், 1945இல், இலவசக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கமக்காரனின் மகளும் கடற்றொழிலாளியின் மகனும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்க வழி பிறந்தது. அந்த வாங்கை நாம் எக்காரணத்தாலும் இழத்தலாகாது. ஜொராசாங்கோ வீட்டின் கதையை நான் கூறியது பாடசாலையைக் கைவிடுங்கள் என்பதற்கன்று.

ஆயினும் ஒன்றைக் கேட்கின்றேன். பாடசாலை விட்டதும் நம் பிள்ளை எங்கே போகின்றது? தனியார் வகுப்புக்கு. அது முடிந்ததும்? இன்னொரு வகுப்புக்கு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கினால், பத்து வயதுப் பிள்ளைக்கு ஞாயிறும் இல்லை. மழையிலும் தவறாது வந்த அகோர பாபுவின் குடை இன்று ஊருக்கு ஊர் விரிந்து நிற்கின்றது. கதவோரத்தில் நின்று கேட்பதற்குப் பிள்ளைக்கு நேரமும் இல்லை. கேட்கத்தக்க எதையும் வீட்டில் நாம் செய்வதும் இல்லை.

வீட்டிலே நாம் செய்யக்கூடியவை பொருட்செலவு வேண்டாதவை. தந்தை கடைக்கணக்கு எழுதும்போது பிள்ளையை அருகில் இருத்தி ஒரு பக்கத்தைக் கூட்டச் சொல்லலாம். தாய் தையல் வேலைக்குத் துணி அளக்கும்போது அளவுகோலை அதன் கையிற் கொடுக்கலாம். இரவிலே முற்றத்தில் பாயை விரித்து வானத்தைக் காட்டலாம். மூத்த பிள்ளை இளையதற்கு வாசிக்கட்டும். நாம் விரும்பிச் செய்யும் ஒரு வேலையைப் பிள்ளை காணும்படி செய்வோம்; அதிலே நாம் தவறினால் தவறியதையும் காணட்டும். கணக்குப் பிழைத்தால் தேவேந்திரநாதரைப் போலச் சிரித்துவிட்டு, நாளையும் அதே பொறுப்பைக் கொடுப்போம்.

நேயர்களே, நாளை மாலை உங்கள் வீட்டுப் பிள்ளை வீதியில் பொறுக்கிய கற்களைக் கைநிறையக் கொண்டுவந்து உங்கள் முன்னே கொட்டினால், வீடு அழுக்காகின்றதே என்று கூறுமுன் ஒரு கணம் பொறுங்கள். எங்கே கண்டாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.